பாட மணிக்குச் சம்பளம், மற்ற மணிகளுக்கு? பிரெஞ்சு ஆசிரியர்களின் வருமானக் கணக்கு

பிரான்சின் அரசுப் பள்ளி ஒன்றில் பிரெஞ்சு மொழி கற்பிக்கும் இரண்டு ஆசிரியர்கள் அடுத்தடுத்த வகுப்பறைகளில் பாடம் நடத்துகிறார்கள். ஒரே பாடத்திட்டம், ஒரே வயதுப் பிள்ளைகள், ஒரே பொதுத் தேர்வு. பணியில் சேர்ந்த வருஷமும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் வாரத்துக்கு 18 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும், மற்றவர் 15 மணி நேரம் எடுத்தால் போதும். அதிகச் சம்பளம் வாங்குபவர் அந்த 15 மணிக்காரர்தான். அவர் ‘அக்ரெகாசியோன்’ என்ற போட்டித் தேர்வில் தேறி வந்தவர், பக்கத்து வகுப்பறைக்காரர் ‘காபெஸ்’ தேர்வில் தேறி வந்தவர். முதல் தேர்வு 1766-இல் தொடங்கியது, இரண்டாவது 1950-இல். 15 மணிக்காரர் கூடுதலாக வகுப்பெடுத்தால் பதினாறாவது மணியிலிருந்தே ஓவர்டைம் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். மற்றவருக்கு அந்த மணி அடிப்படைச் சம்பளத்திலேயே அடங்கிவிடும்.

அதே ஊரில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தனியார் மொழிப் பள்ளியில் பிரெஞ்சு கற்றுக்கொடுப்பவர். மொழி கற்பித்தலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். வகுப்பில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் அவருக்குச் சம்பளம். வகுப்பில் சேர ஆள் வரவில்லையென்றால் அதுவும் இல்லை.

மூவரின் பிரெஞ்சு அறிவையும் அளந்து பார்த்தால் பெரிய இடைவெளி இருக்காது. இடைவெளி வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது? ஆசிரியர் உழைக்கும் நேரத்தில் எவ்வளவு நேரத்தைப் பணம் கொடுப்பவர்கள் வேலை என்று ஒப்புக்கொள்கிறார்கள்? பிரெஞ்சு ஆசிரியர்களின் வருமானத்தை விளங்கிக்கொள்ள இந்த இரண்டு கேள்விகளும்தான் நல்ல தொடக்கம். தகுதி, அனுபவம், நாடு, தேவை எல்லாம் முக்கியம்தான், ஆனால் அவை இந்த இரண்டின் வழியாகத்தான் கைக்கு வரும் தொகையைத் தொடுகின்றன.

சொந்த நாட்டிலேயே இடமில்லாத வேலை

பிரெஞ்சை அந்நிய மொழியாகக் கற்பிப்பதை ஒரு தனித் துறையாகவே வளர்த்தெடுத்த நாடு பிரான்ஸ். பல்கலைக்கழகங்களில் அதற்கென்று பட்டப்படிப்புகள் உண்டு. தூரக் கல்வி நிறுவனமான க்னெட்டும், பிரெஞ்சு கற்பிக்கும் அமைப்பான பாரிசின் அலியான்ஸ் பிரான்சேஸும் சேர்ந்து தரும் ‘தாஎஃப்ல்’ என்ற ஆசிரியர் டிப்ளமோவும் உண்டு. ஆனால் படித்து முடித்தவர் அரசு நிரந்தரப் பணிக்குப் போக நினைத்தால், இந்தத் துறைக்கென்று காபெஸும் இல்லை, அக்ரெகாசியோனும் இல்லை. ஆங்கிலத்துக்கு உண்டு, ஸ்பானிய மொழிக்கு உண்டு, இலக்கியத்துக்கு உண்டு. அந்நியருக்குப் பிரெஞ்சு கற்பிப்பதற்குக் கிடையாது. 2004-இல் பள்ளி ஆசிரியர்களுக்கான கூடுதல் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். புதிதாகக் குடியேறிய பிள்ளைகளுக்கான வகுப்புகளில் பாடம் எடுக்க அது உதவும். ஆனால் ஏற்கெனவே வேறு பாடத்தில் ஆசிரியராக இருப்பவர்தான் அதை வாங்க முடியும்.

இதன் விளைவு நேரடியானது. ஊதிய அட்டவணை என்ற ஏணியே இல்லாத இடத்தில் வருமானம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். பிரான்சில் சாதாரணத் தற்காலிக ஒப்பந்தம் முடியும்போது, மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதத்தை நிலையின்மைக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் தற்காலிக வேலையே வழக்கம் என்று சட்டம் பட்டியலிட்டிருக்கும் துறைகளில் கற்பித்தலும் ஒன்று. அந்த வகை ஒப்பந்தங்களுக்கு இந்த 10 சதவீதம் கிடையாது. ஆக, நிலையில்லாத வேலை என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் நிலையின்மைக்கான ஈட்டுத்தொகை இல்லை. பணியில் சேரும் பலருக்கு இது ஒப்பந்தம் முடியும் நாளில்தான் தெரியவருகிறது.

குடியேறிகளுக்கான அரசு வகுப்புகளிலும் நிலைமை இதே மாதிரிதான். பிரான்சில் 2016 முதல் குடியரசு ஒருங்கிணைப்பு ஒப்பந்தம் என்ற ஏற்பாடு நடப்பில் இருக்கிறது. புதிதாக வருபவருக்கு மொழிப் பயிற்சி தேவைப்பட்டால் அரசே செலவை ஏற்கும். ஆனால் பாடம் நடத்துவது டெண்டர் எடுத்த நிறுவனங்கள். டெண்டர் என்றாலே விலைப் போட்டி. மொழி வகுப்பில் செலவைக் குறைக்க வழி அதிகமில்லை: வாடகையைக் குறைக்க முடியாது, நிர்வாகச் செலவை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. மிஞ்சுவது ஆசிரியரின் மணிச் சம்பளம், இல்லாவிட்டால் வகுப்பில் உட்காரும் ஆட்களின் எண்ணிக்கை. அரசே கொடுக்கும் பணமாக இருந்தும், ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இவருக்குக் கிடைக்காததற்குக் காரணம், நடுவில் இருக்கும் அந்த டெண்டர்.

ஒரு மணி நேரம் என்பது எத்தனை நிமிஷம்?

இந்தக் கட்டுரையில் வேறெதையும்விட இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பிரெஞ்சு ஆசிரியர்கள் ஏமாந்துபோவதும் இங்கேதான்.

பிரான்சின் பல்கலைக்கழகங்களில் மணிக்கணக்கில் பாடம் எடுக்கும் தற்காலிக ஆசிரியர்கள் ஏராளம். வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு மையங்களில் இவர்கள் இல்லாமல் வகுப்பே நடக்காது. 2023 ஜூலை முதல் இவர்களுக்கான விகிதம் ஒரு வகுப்பு மணிக்கு 43.50 யூரோ. கேட்கும்போது நல்ல தொகைதான். ஆனால் அதே பல்கலைக்கழக விதிகள், நிரந்தர ஆசிரியர்களின் வேலையைக் கணக்கிடும்போது ஒரு வகுப்பு மணியை 4.2 மணி நேர உழைப்புக்குச் சமமாக வைக்கின்றன. பாடம் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, மாணவர்களைப் பார்ப்பது எல்லாம் அதில் சேர்த்தி. 43.50-ஐ 4.2-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 10.36 யூரோ வருகிறது. 2024 ஜனவரியில் பிரான்சின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.65 யூரோ. அரசு தானே ஏற்றுக்கொண்ட கணக்கின்படி பார்த்தாலும், பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பவருக்குக் குறைந்தபட்ச ஊதியம்கூட எட்டவில்லை.

அதே நாட்டில் தனியார் பயிற்சி நிறுவனங்களுக்காகத் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. அங்கே பாட நேரமும் தயாரிப்பு நேரமும் 72-க்கு 28 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அதாவது ஒரு மணி நேரப் பாடத்துக்கு ஏறக்குறைய 23 நிமிஷத் தயாரிப்பு. பல்கலைக்கழக விதி வகுப்புக்கு வெளியே 3 மணி 12 நிமிஷம் என்கிறது, கூட்டு ஒப்பந்தம் 23 நிமிஷம் என்கிறது. இரண்டும் ஒரே மொழியின் ஒரே ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. இங்கிலாந்துப் பள்ளிகளில் இதற்கு மூன்றாவதாக ஓர் ஏற்பாடு: பாட நேரத்தில் குறைந்தது 10 சதவீதத்தைத் திட்டமிடவும் திருத்தவும் வேலை நேரத்துக்குள்ளேயே ஒதுக்கித் தர வேண்டும்.

உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு மொழித் திறனைச் சோதிக்கும் டெல்ஃப் தேர்வின் நிலைகள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும். மேலே உள்ள பி2 நிலையில் எழுத்துப் பகுதிக்கு ஒரு மணி நேரம், குறைந்தது 250 சொற்கள். ஒரு மேயருக்கு ஆட்சேபணைக் கடிதம், ஒரு பத்திரிகைக்குக் கருத்து என்கிற மாதிரித் தலைப்புகள். 15 பேர் உள்ள வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்தால் ஆசிரியர் மேசைக்கு 3,750 சொற்கள் வந்து சேரும். பி2 தாளைச் சும்மா டிக் போட்டுத் தள்ள முடியாது. வாதம் கோர்வையாகப் போகிறதா, இணைப்புச் சொற்கள் சரியான இடத்தில் விழுந்திருக்கின்றனவா, வினைச்சொல் எந்த வடிவத்தில் வந்திருக்க வேண்டும், தொனி ஒரு மேயரிடம் பேசுகிற தொனிதானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மதிப்பீட்டு அட்டவணையில் மதிப்பெண் போட்டு, மாணவர் திருத்திக்கொள்ளும்படி நாலு வரி எழுத வேண்டும். ஒரு தாளுக்கு 12 நிமிஷம் என்று வைத்தாலே மொத்தம் 3 மணி நேரம். வாரத்துக்கு ஒரு தாள் என்று கேட்கும் நல்ல மாணவர்கள் உள்ள வகுப்பு என்றால் இந்த 3 மணி நேரம் வாரா வாரம் வரும். ஒப்பந்தத்தில் ‘திருத்தும் வேலை மணிச் சம்பளத்தில் அடங்கும்’ என்று ஒரு வரி இருந்தால், அந்த நேரம் முழுவதும் ஆசிரியர் கையிலிருந்து போகிறது.

இதனால்தான் ஏ1 நிலையில் பாடம் எடுப்பவரும் பி2 நிலையில் எடுப்பவரும் ஒரே மணிச் சம்பளம் வாங்கினால், மேல்நிலை எடுப்பவர் உண்மையில் குறைவாகச் சம்பாதிக்கிறார். அதிகத் தகுதி தேவைப்படும் வேலையில் நிஜ வருமானம் குறைவது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது. இதைப் புரிந்துகொண்ட சில நிறுவனங்கள் மேல்நிலை வகுப்புகளுக்குத் தனி விகிதம் வைக்கின்றன, இன்னும் சில திருத்தும் தாளுக்கு இவ்வளவு என்று கொடுக்கின்றன. அது எல்லா இடத்திலும் நடக்க வேண்டிய நியாயம் என்பது என் கருத்து.

பற்றாக்குறை இருந்தால் சம்பளம் கூடுமா?

கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பள்ளிகளில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

கனடாவைப் பாருங்கள். 1965-இல் மாண்ட்ரியால் பக்கத்திலுள்ள சான்-லாம்பேர் என்ற ஊரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள் கேட்டுத் தொடங்கியதுதான் பிரெஞ்சு மூழ்கல் கல்வி: பிள்ளைகளுக்கு எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சிலேயே நடத்துவது. 1969-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு நாடு முழுக்க இந்தக் கல்விக்குத் தேவை பெருகிக்கொண்டே போனது, பிரெஞ்சு ஆசிரியர்கள் போதவில்லை என்பது அங்கே பல ஆண்டுகளாகப் பேசப்படும் விஷயம். ஆனாலும் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு பிரெஞ்சு ஆசிரியரின் சம்பளத்தைத் தீர்மானிப்பது ஏ1 முதல் ஏ4 வரையான தகுதிப் பிரிவும் பணியாற்றிய ஆண்டுகளும்தான் (மொழித்தேர்வு நிலையான ஏ1 வேறு, இது வேறு). கணித ஆசிரியருக்கும் அதே அட்டவணை, உடற்கல்வி ஆசிரியருக்கும் அதே அட்டவணை. பிரெஞ்சு தெரிந்ததன் பலன் வேறு விதத்தில் கிடைக்கிறது. மற்றவர்கள் பதிலி ஆசிரியராக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இடத்தில், பிரெஞ்சு ஆசிரியருக்கு நிரந்தரப் பணி சீக்கிரம் கிடைத்துவிடும். அட்டவணையின் முதல் படியில் 3 வருஷம் முன்னதாகக் கால் வைப்பவருக்கு, அந்த 3 வருஷம் பணி முழுக்கக் கூடவே வரும். சம்பளச் சீட்டில் தெரியாத ஆதாயம் இது.

இங்கிலாந்தில் பற்றாக்குறைக்கான பணம் பணியில் சேரும் முன்பே கொடுக்கப்படுகிறது. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில், ஆள் கிடைக்காத பாடங்களுக்கு அரசு உதவித்தொகை தருகிறது, மொழிகள் பல ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தொகை ஆண்டுதோறும் மாறும். வேலையில் சேர்ந்ததும் எல்லாப் பாடத்துக்கும் பொதுவான ஊதிய வரம்புக்குள் வந்துவிட வேண்டியதுதான். அதன் பிறகு இடம்தான் பேசும்: உள் லண்டன், வெளி லண்டன், லண்டன் விளிம்பு, மற்ற பகுதி என்று நான்கு அட்டவணைகள்.

அமெரிக்காவின் பொதுப் பள்ளிகளில் பெரும்பாலும் படிக்கட்டும் தடமும் போட்ட அட்டவணைதான். ஒரு வருஷம் கூடினால் ஒரு படி ஏறலாம், பட்டத்துக்கு மேல் இத்தனை கிரெடிட் சேர்ந்தால் அடுத்த தடத்துக்கு நகரலாம். முதுகலை முடித்த பிரெஞ்சு ஆசிரியர் இளங்கலையோடு நிற்பவரைவிட அதிகம் வாங்குவார், ஆனால் பிரெஞ்சு என்பதற்காக அல்ல. பக்கத்து மாவட்டத்தில் வீட்டு வரி வசூல் அதிகம் என்றால் அங்கே அதே படிக்கு அதிகச் சம்பளம். லூசியானா மாநிலம் 1968-இல் பிரெஞ்சு வளர்ச்சிக்கென்று கோடோஃபில் என்ற அமைப்பை உருவாக்கி, பிரான்ஸ், பெல்ஜியம் முதலிய நாடுகளிலிருந்து ஆசிரியர்களை வரவழைக்கிறது. அப்படி வருபவர்களுக்குத் தற்காலிகப் பரிமாற்ற விசாதான். அட்டவணையின் மேல் படிகளை எட்டுவதற்குள் விசாக் காலம் முடிந்துவிடும். பணிமூப்பை வைத்துக் கட்டிய சம்பள முறை, தங்கிவிட முடியாதவருக்கு எப்போதும் குறைவாகத்தான் கொடுக்கும்.

பிரான்சில் ஆசிரியர் சம்பளம் பணக்கார நாடுகளின் சராசரியைவிடக் குறைவு. பக்கத்திலேயே பிரெஞ்சு ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் லக்சம்பர்க் அந்த நாடுகளின் பட்டியலில் உச்சத்தில் நிற்கிறது. சுவிட்சர்லாந்தில் அந்தந்த மாநிலம் சம்பளத்தை முடிவுசெய்கிறது. பிரெஞ்சு மொழியின் தாயகத்தில் வேலை செய்வதுதான் அதிக வருமானம் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடலாம்.

ஒரே பள்ளியில் இரண்டு சம்பளம்

வெளிநாடுகளில் பிரான்சின் பாடத்திட்டப்படி நடக்கும் பள்ளிகளை 1990-இல் தொடங்கப்பட்ட ஏ.இ.எஃப்.இ என்ற முகமை ஒருங்கிணைக்கிறது. அங்கே பிரான்சின் கல்வி அமைச்சகத்திலிருந்து அயல்பணியாக வரும் ஆசிரியர்களுக்குப் பிரெஞ்சு அரசின் ஊதிய அட்டவணையும், அந்த நாட்டு விலைவாசிக்கான படியும் கிடைக்கும். உள்ளூரிலேயே பணியமர்த்தப்படுபவருக்கு அந்த நாட்டுச் சட்டப்படி ஒப்பந்தம், பள்ளி நிர்வாகம் வகுத்த சம்பளம். இருவரும் ஒரே வகுப்புக்கு அடுத்தடுத்த பீரியடில் போவார்கள். வாழ்க்கைச் செலவு குறைவாக உள்ள நாடுகளில் இந்த வித்தியாசம் மிகப் பெரிது. வீட்டை விட்டு வந்தவருக்குக் கூடுதல் படி கொடுப்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எத்தனை வருஷம் உழைத்தாலும் உள்ளூர் ஆசிரியர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது என்பதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அலியான்ஸ் பிரான்சேஸ் விஷயம் வேறு. 1883-இல் பாரிசில் தொடங்கிய அந்த இயக்கத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு ஊர் அலியான்சும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி பதிவான தனிச் சங்கம். பெரும்பாலும் வகுப்புக் கட்டணத்திலும் தேர்வுக் கட்டணத்திலும்தான் ஓடுகிறது. அதனால் ஒரு அலியான்சின் சம்பளத்தை வைத்து இன்னொன்றை மதிப்பிட முடியாது. ஒரு பேட்ச் தொடங்கக் குறைந்தது இத்தனை பேர் சேர வேண்டும் என்று வரம்பு இருக்கும். சேராவிட்டால் வகுப்பு நடக்காது, ஆசிரியரின் மணி காணாமல் போகும். ஆள் சேர்ப்பது நிர்வாகத்தின் வேலை, சேராததன் நஷ்டம் ஆசிரியருக்கு.

தாய்மொழியாகப் பிரெஞ்சு பேசுபவருக்குச் சில இடங்களில் கூடுதல் விகிதம் கொடுக்கிறார்கள். மாணவர்கள் கேட்கிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் தொடக்க நிலையில், பிரெஞ்சை முட்டி மோதிக் கற்றுக்கொண்டவர்தான் மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதை முன்கூட்டியே அறிந்தவர். ‘ஆன்’, ‘ஓன்’, ‘ஏன்’ என்று மூக்கில் ஒலிக்கும் உயிரொலிகளைப் பிறப்பிலிருந்தே பேசி வந்தவருக்கு, அவற்றைக் காதால் பிரித்துக் கேட்க முடியாத ஒருவரின் திணறல் புரிவதற்கே காலம் ஆகும். பிறப்புக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையைப் பயிற்சிக்குக் கொடுத்தால் மாணவருக்கும் லாபம்.

கற்பவர் ஏன் வருகிறார்?

தனியாகப் பாடம் எடுப்பவர்களுக்கு எந்த அட்டவணையும் இல்லை. அவர்கள் கேட்கக்கூடிய தொகையைத் தீர்மானிப்பது, எதிரே உட்காருபவரின் அவசரம்.

பொழுதுபோக்காகப் பிரெஞ்சு கற்பவர் விலை கூடினால் நிறுத்திவிடுவார். கனடாவுக்குக் குடியேற விண்ணப்பிப்பவர் நிறுத்தமாட்டார். புள்ளிகளை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அங்கத்திய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கிலும் கனடாவின் மொழி அளவுகோலில் பிரெஞ்சு 7-ஆம் நிலையை எட்டியவருக்குக் கூடுதல் புள்ளிகள் உண்டு, ஆங்கிலமும் போதுமான அளவு இருந்தால் அது 50 புள்ளி. 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனித் தேர்வுச் சுற்றுகளும் நடக்கின்றன. இதற்கு டெஃப் கனடா அல்லது டி.சி.எஃப் கனடா தேர்வு எழுத வேண்டும், முடிவு 2 வருஷம்தான் செல்லும். இதற்காக வருபவர்களுக்குத் தேதி இருக்கிறது, இலக்கு இருக்கிறது, பின்னால் ஒரு குடும்பத்தின் திட்டமே இருக்கிறது. இந்தத் தேர்வுகளின் கேட்டல் பகுதி எப்படி ஓடும், பேச்சுப் பகுதியில் தகவல் கேட்டு வாங்குவது எப்படி, கருத்தை வாதிடுவது எப்படி என்று துல்லியமாகத் தெரிந்த ஆசிரியர், பொதுவாக ‘பிரெஞ்சு கற்றுத்தரப்படும்’ என்று சொல்பவரைவிட அதிகம் கேட்கலாம். கிடைக்கவும் செய்யும்.

பிரான்சிலும் 2024 ஜனவரி 26-ஆம் தேதிச் சட்டம் மொழி நிபந்தனையை உயர்த்தியிருக்கிறது. 2026 ஜனவரி முதல் பல ஆண்டு வசிப்பு அட்டைக்கு ஏ2, பத்து ஆண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2. தேவை கூடும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கற்பவர்களில் பலர் குறைந்த வருமானம் உள்ளவர்கள். அவசரம் இருந்தும் கையில் பணம் இல்லாதவரிடமிருந்து ஆசிரியரின் வருமானம் உயராது. அங்கே அரசு எவ்வளவு ஒதுக்குகிறது என்பதுதான் முடிவுசெய்யும்.

நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக ஏற்பாடு செய்யும் பாடங்களில் மணிக்கு அதிகம் கிடைக்கும். மருத்துவம், சுற்றுலா, வணிகம், சர்வதேச உறவு என்று துறைவாரியான பிரெஞ்சுக்குப் பாரிஸ் வணிகச் சபை தனித் தேர்வுகளே நடத்துகிறது. துறைச் சொற்களும் நடைமுறையும் தெரிந்த ஆசிரியர்கள் குறைவு என்பதால் பேரம் பேச இடமுண்டு. ஆனால் காலை 8 மணிக்கு ஒரு அலுவலகம், மதியம் 1 மணிக்கு நகரத்தின் இன்னொரு கோடியில் வேறொன்று, மாலை 6 மணிக்கு மூன்றாவது என்று ஓடும் நாளில், சம்பளமுள்ள மணி மூன்றுதான், வீட்டுக்கு வெளியே கழித்த மணி பத்தைத் தாண்டும். கூட்டம் வந்துவிட்டது என்று கடைசி நிமிஷத்தில் ரத்து செய்வதும் நிறுவன மாணவர்களிடம்தான் அதிகம்.

திரைக்குப் பின்னால் பிடித்தம்

இணையத் தளங்கள் பயண நேரத்தை ஒழித்துவிட்டன, அது பெரிய விஷயம். பதிலுக்குக் கமிஷன் எடுக்கின்றன. பிரெப்ளி தளத்தில் புது மாணவரின் முதல் சோதனைப் பாடத்துக்கான பணம் முழுவதும் தளத்துக்கே போகும். அதன் பின் ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதத்தில் தொடங்கும் பிடித்தம், பாடம் எடுத்த மணிகள் ஏற ஏற 18 சதவீதம் வரை இறங்கும். இதன் பொருளை ஆசிரியர் முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும்: புது மாணவர்களைத் தேடிக்கொண்டே இருந்தால் நஷ்டம், ஒரே மாணவரை ஆறு மாதம் தக்கவைத்தால் லாபம்.

2022-இல் உலகில் பிரெஞ்சு பேசுவோர் 32 கோடியே 10 லட்சம் என்று பிரெஞ்சு பேசும் நாடுகளின் கூட்டமைப்பான பிராங்கோஃபோனி கணித்தது. அவர்களில் பெரும் பகுதியினர் ஆப்பிரிக்காவில். இணையத்தில் பாரிஸ்காரரும் ஆப்பிரிக்க நகரத்துக்காரரும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். முதலாமவருக்கு வாடகைக்கே போதாத விலை இரண்டாமவருக்கு நல்ல மாதச் சம்பளமாக அமையலாம். வாழ்க்கைச் செலவு கூடிய நாட்டில் இருப்பவர் பொதுப் பாடத்தில் விலையால் போட்டியிட முடியாது, தேர்வுப் பயிற்சி, துறைப் பிரெஞ்சு மாதிரி ஏதாவது ஒன்றில் பெயர் எடுக்கத்தான் வேண்டும்.

சான்றிதழ்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயர்ந்த மொழித் தேர்வான டால்ஃப் சி1 வேலைக்குள் நுழைய உதவும், சம்பளத்தை அவ்வளவாக உயர்த்தாது. அட்டவணை உள்ள இடங்களில் முதுகலைப் பட்டம் உடனே பணமாக மாறும். டெல்ஃப்-டால்ஃப் தேர்வாளர் அங்கீகாரம் 5 வருஷம் செல்லும். தேர்வு நாட்களில் தனி ஊதியம் உண்டு என்பதோடு, தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் தேடி வருவதும் அதனால்தான்.

சட்டம் மாறினால்

எந்த ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், ஒரு நாட்டின் மொழிக் கொள்கை மாறும்போது காலுக்குக் கீழே தரை நகர்ந்துவிடும். ருவாண்டா 2008-இல் பள்ளிகளின் பயிற்றுமொழியைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற முடிவெடுத்தது. அல்ஜீரியா 2022-இல் தொடக்கப் பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தைப் பிரெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. மொராக்கோ 2019-இல் எதிர்த் திசையில் போய், அறிவியல் பாடங்களைப் பிரெஞ்சில் நடத்த வழிவிட்டது. இங்கிலாந்து 2004-இல் 14 வயதுக்கு மேல் அந்நிய மொழி கட்டாயமில்லை என்றது, அதன் பிறகு பிரெஞ்சு எடுக்கும் மாணவர்கள் கடுமையாகக் குறைந்தார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் 2016-க்கும் 2021-க்கும் இடையே பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தோர் எண்ணிக்கை 23.1 சதவீதம் சரிந்ததாக நவீன மொழிச் சங்கம் கணக்கெடுத்தது.

மாணவர் குறையும்போது நிரந்தர ஆசிரியரின் சம்பளம் குறைவதில்லை. அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரப்பப்படுவதில்லை, அவ்வளவுதான். வகுப்புகளைப் பகுதிநேர விரிவுரையாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பாடப்பிரிவுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுக்கும் அந்தத் தொகையில் மருத்துவக் காப்பீடு, கோடைக்காலச் சம்பளம் எதுவும் பெரும்பாலும் இருக்காது. துறையின் சராசரிச் சம்பளம் இறங்குவது இந்த வழியில்தான்.

இப்போது கையில் இரண்டு ஒப்பந்தங்களோடு நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதலாவது மணிக்கு 100 கொடுக்கிறது, வாரம் 22 மணி, பள்ளி விடுமுறைகள் போக வருஷத்துக்கு 34 வாரம். பெருக்கினால் 74,800. பத்தில் ஒரு பாடம் ரத்தாகும் என்று வைத்தால் 67,320. இரண்டாவது மாதச் சம்பளம். அதை வாரம் 20 மணி என்று மணிக்கணக்காக மாற்றினால் 80-தான் வரும், ஆனால் விடுமுறை உட்பட 52 வாரமும் கிடைக்கும்: 83,200. மணிக்கு 20 குறைவாகத் தெரிந்த வேலை வருஷத்துக்கு 15,880 அதிகம் தருகிறது. இதோடு, கையெழுத்துப் போடும் முன் நிர்வாகத்திடம் நேராகக் கேட்க வேண்டியவை சில: எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் சம்பளம் உண்டு, பேட்ச் நிரம்பாவிட்டால் குறைந்தபட்ச மணி உத்தரவாதம் இருக்கிறதா, ஆசிரியர் கூட்டங்களுக்கும் தேர்வு மேற்பார்வைக்கும் தனித் தொகையா, திருத்தும் தாள்கள் எந்தக் கணக்கில் வரும். வாய்மொழியாக ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால், அந்தந்த வரியை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.